முப்பத்தொரு நெஞ்சுக்காரர்களும் டிராக்டரில் வந்த ஒருவரும்

ஒரே காலையில் முப்பத்தொரு பேருடைய இதயம் கெட்டுப்போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆள் நான். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்குப் புதிதாக வேலைக்குப் போகிற தம்பி தங்கச்சிமாரே, உங்கள் முன்னால் நின்று பேச இதைவிடப் பெரிய தகுதி என்னிடம் கிடையாது. முப்பத்துநான்கு வருஷம் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தேன், ஜனங்களுக்கு டாக்டரம்மா. எத்தனையோ பிரசவம், எத்தனையோ குளவிக்கொட்டு. சரியாகச் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. இந்தக் கூத்து மட்டும் அப்படியே மனதில் நிற்கிறது. இன்றைக்கும் அந்தத் தோட்டத்துப் பக்கம் போனால், என்னைக் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுவது போல் நடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

தோட்டத்தின் பேர் வேண்டாம். மலையகத்தில் தெமோதரைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்பென்சரியைக் கட்டிய வெள்ளைக்காரனுக்கு யார் மேல் என்ன கோபமோ, தொழிலாளர் குடியிருக்கிற லயங்களெல்லாம் பள்ளத்தில் கிடக்க, இதை மட்டும் மேட்டின் உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டான். லயத்திலிருந்து வர நூற்றியெண்பது கல்படி. இன்னொரு வழி, பெக்டரியைச் சுற்றி வளைந்து வருகிற டிராக்டர் ரோடு. நடக்கிற ஜனங்கள் அதில் வரமாட்டார்கள், அவ்வளவு சுற்று. நான் சேர்ந்த புதிதில் அந்தப் படியை ஏறிவிட்டு, நோயாளியைப் படுக்கவைக்கிற கட்டிலில் நானே படுத்திருக்கிறேன்.

கொரோனாவின் இரண்டாம் வருஷம் எங்கள் லயங்களுக்குள் நோய் வந்தது. ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் எப்படித் தள்ளி இருப்பது? ஒருவர் விடாமல் எல்லாரையும் தொட்டுவிட்டுத்தான் போனது. ஆனாலும் மாரியாத்தா புண்ணியத்தில் அநேகமானவர்களுக்கு லேசாகத்தான் வந்தது. இரண்டு நாள் காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு, கொத்தமல்லித் தண்ணீர், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. "மூச்சு வாங்குது டாக்டரம்மா", "நெஞ்சு படக்கு படக்குங்குது டாக்டரம்மா" என்று தினமும் நாலு பேர் வந்து நிற்பார்கள். லேசாக வந்துபோனவர்களிலும் சிலருக்கு இதயத் தசை வீங்கலாம், வேலையில் இறக்கும்போது பார்த்து இறக்குங்கள் என்று பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மாரியம்மன் திருவிழாவுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வருஷமாக நடக்காத திருவிழா, கேட்க வேண்டுமா! எங்கள் தோட்டத்தில் அம்மன் சப்பரம் டிராக்டரில் போகாது. ஆட்கள் தோளில் தூக்கித்தான் கீழ் டிவிஷனிலிருந்து மேல் டிவிஷன் வரை போக வேண்டும். ஏற்றமோ ஏற்றம். சப்பரத்துக்கு முன்னால் ஒரு மரம், பின்னால் ஒரு மரம். முன்மரத்தைத் தோளில் வாங்குகிற மரியாதை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்குத்தான். அது பரம்பரை வழக்கம். தோட்டத்தை நடத்துகிற தொரைக்குப் பயம் வந்துவிட்டது. ஏற்றத்தில் எவனாவது விழுந்தால் தன் தலைதான் உருளும் என்று, கொரோனா வந்து போன எல்லாரையும் திருவிழாவுக்கு முன் ஒரு தரம் பார்த்துவிடச் சொன்னார்.

பார்த்தேன். பார்த்த இலட்சணத்தைக் கேளுங்கள். கூட்டம் சேரக்கூடாது என்பது அப்போதைய சட்டம். அதனால் நான் மேசையைப் படி முடிகிற இடத்திலேயே போட்டுவிட்டேன். ஏறி வந்தவரை உட்காரக்கூட விடாமல், "கையைக் குடு", நாடியை எண்ணு, எழுது, "அடுத்த ஆள்". பத்தாவது ஆள் வருவதற்குள் ஏட்டில் நான் எழுதியிருந்ததைக் கேளுங்கள். நூற்றிப் பதினெட்டு, நூற்றியிருபத்தாறு, நூற்றி முப்பது! ஐயோ, தோட்டமே போச்சே என்று உள்ளுக்குள் அலறிக்கொண்டு, வெளியே ஓய்வுத் துண்டு எழுதிக்கொண்டே இருந்தேன். அன்று வந்த நாற்பத்துமூன்று பேரில் முப்பத்தொரு பேருக்கு நெஞ்சில் கோளாறு.

நடுவில் தேயிலைக்குப் போடுகிற பசளை மூட்டைகளோடு ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினார் சிவலிங்கம். முப்பத்தொன்பது வயது, கவ்வாத்துக் கூட்டத்துக்குத் தலையாள், சப்பரத்தின் முன்மரத்தில் முதல் தோள் அவருடையது. நாடி எண்பத்திரண்டு. எனக்கு வந்த சந்தோஷத்தில், "இதுதான்யா நெஞ்சு! கருங்கல்லு! எல்லாரும் பார்த்துக்கங்க" என்று சத்தமாகவே சொன்னேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டு, வந்த டிராக்டரிலேயே ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் ஆள் இல்லை. கொழுந்து மலையில் முற்றுகிறது, எடுக்க வேண்டிய பெண்கள் என் துண்டை வைத்துக்கொண்டு லயத்தில் படுத்திருக்கிறார்கள். தொரை போனில் கத்தினார். நான் மருத்துவ தர்மம், மனித உயிர் என்றெல்லாம் பெரிதாகப் பேசிப் போனை வைத்தேன். வைத்த கையோடு புஷ்பராணி வந்து நின்றாள். கொழுந்து எடுப்பதில் அந்தத் தோட்டத்திலேயே முதல் ஆள், வாயிலும் முதல் ஆள். கையில் என் துண்டு.

"டாக்டரம்மா, எனக்கு நெஞ்சுல வருத்தமுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. நேத்திலேருந்து எம்புருஷன் ஓயாம அழுவுறாரு. அவரு அழுவுற சத்தத்துலதான் எனக்கு நெஞ்சு வலிக்குது."

"ஆத்திரப்படாத புஷ்பராணி, நெஞ்சுக்கு ஆகாது. மொதல்ல உட்காரு."

"இத நேத்தே சொல்லியிருந்தா என்னவாம்? நூத்தியெம்பது படி ஏறி வந்தவள நிக்கவச்சுக் கையப் புடிச்சா, நெஞ்சு அடிக்காம தாலாட்டா பாடும்?"

பிள்ளைகளே, அந்த ஒரு நிமிஷத்தில், நான் படித்த படிப்பு, வாங்கிய சான்றிதழ், சுவரில் மாட்டியிருந்த படம், எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன. அவளை பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு கோப்பை பிளேன்டீ கொடுத்து, கால் மணி நேரம் கழித்து நாடி பிடித்தேன். எழுபத்தாறு. மற்ற முப்பது பேருக்கும் ஆள் அனுப்பினேன். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள். எல்லாருடைய நாடியும் சமர்த்தாக இறங்கிவிட்டது. இரண்டு பேருக்கு இரத்தம் குறைவு, அது கொரோனாவுக்கு முந்திய பழைய கதை. துண்டுகளை நானே வாங்கிக் கிழித்தேன். டிஸ்பென்சரி வாசலில் அன்று எழுந்த சிரிப்பு பெக்டரி வரை கேட்டிருக்கும். நானும்தான் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

சிரிப்புக்கு நடுவில் புஷ்பராணி இன்னொன்றும் சொன்னாள். "நல்ல வைத்தியம்தான் போங்க! ஏறி வந்தவளெல்லாம் நோயாளி, டிராக்டர்ல வந்தவரு கருங்கல்லு!"

எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன். சிவலிங்கம் ஏன் டிராக்டரில் வந்தார்? அந்தப் படியை இரண்டிரண்டாகத் தாவி வருகிற ஆள் அவர். பசளை மூட்டை மேல் உட்கார்ந்து, அவ்வளவு தூரம் சுற்றி, எதற்கு வந்தார்?

கிழித்த துண்டுகளைக் கூடையில் போட்டுவிட்டுக் கோயிலடிக்கு இறங்கினேன். மறுநாள் காலையில் சப்பரம் புறப்பட வேண்டும். கவ்வாத்துக் கூட்டம் முழுவதும் அங்கேதான் மரம் கட்டிக்கொண்டிருந்தது. சிவலிங்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, இப்படிக் கட்டு, அப்படி இறுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து வேலை வாங்கி நான் பார்த்ததே இல்லை.

"நேத்து ஏன் சிவலிங்கம் டிராக்டர்ல வந்தீங்க?"

"காலு சுளுக்கு டாக்டரம்மா."

"எந்தக் காலு?"

மனுஷன் குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். "வலது" என்றார், ஏலத்தில் கேட்பது போல.

அவர் மனைவி பூக்கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து, முன்பு அவர் தூக்கி வந்த குடத்தை, கொஞ்ச நாளாகத் தானேதான் தூக்கி வருவதாகச் சொன்னார். "கேட்டா, சாமிக்கு விரதம் இருக்கேன், சோர்வா இருக்குங்கிறாரு. விரதம்னா சோர்வு இருக்குந்தானுங்களே?" இருக்கும்தான். நானே விரதம் இருந்தால் சாயந்தரம் யாரோடும் பேசமாட்டேன்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் கையில் இருப்பது ஒழுங்கான நாடி ஒன்று, ஒரு டிராக்டர் பயணம், ஒரு தண்ணீர்க் குடம். இதை வைத்துக்கொண்டு, தோட்டத்தின் பெரிய பலசாலியை, இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருகிற திருவிழாவுக்கு முதல்நாள், சாமி தூக்காதே என்று நிறுத்த வேண்டும். யார் நிறுத்துவது? அன்று காலையில்தான் முப்பத்தொரு பேர் விஷயத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்ட நான். விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், வெட்கம்தான் அதற்குக் காரணம். அடுத்து இன்னொரு புத்தி வந்தது. "எங்கே, என் கண் முன்னால் அந்தப் படியை ஏறிக் காட்டுங்க பார்ப்போம்" என்று சொல்லிவிடலாம், உண்மை தெரிந்துவிடும். வாய் வரை வந்துவிட்டது. நல்ல காலம், அதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் சந்தேகப்படுவது சரியென்றால், என் சந்தேகம் தீர்வதற்காக அந்த மனுஷன் உயிரைப் படியில் வைத்துப் பார்ப்பதா?

பதுளையில் ஒரு டாக்டரைப் போனில் பிடித்தேன். சிங்களப் பிள்ளை, என் மகள் வயது, எங்களோடு பழகித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர், என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவார். காலையில் நடந்த கூத்தையும் மறைக்காமல் சொன்னேன். மறைத்தால் என் சந்தேகத்துக்கு எவ்வளவு விலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அனுப்புங்க மிஸ்ஸி. ஏற வேணாம், தூக்க வேணாம், நடக்கவும் வேணாம். ஒன்னுமில்லேன்னா நான் சிரிப்பேன். அவ்வளவுதானே உங்களுக்கு நஷ்டம்?"

அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். என் வெட்கத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டார்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். கவ்வாத்துக் கூட்டம் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டது. "நேத்து முப்பத்தோரு பேரு, இன்னிக்கு எங்காளா?" என்று ஒருவன் கேட்டான். சிவலிங்கத்துக்கு வந்த கோபத்தில் முகம் கறுத்துவிட்டது. "நீங்கதானே கருங்கல்லுன்னு சொன்னீங்க? நாளைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க டாக்டரம்மா. திங்கக்கிழம எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"சொன்னது தப்பு. இன்னிக்கே போவணும்."

"மறுபடியும் தப்பா இருந்தா?"

"இருந்தா, அடுத்த திருவிழாவுல சப்பரத்துக்கு முன்னால நின்னு நானே நூத்தியெட்டுத் தோப்புக்கரணம் போடுறேன். இந்த ஒடம்போட போட்டா நான்தான் மொதல்ல சாவேன். போதுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தபிறகு சண்டை போடுவது கஷ்டம். அவர் மனைவி பூக்கூடையை அப்படியே வைத்துவிட்டு, போய், வாசலில் நின்ற டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சிவலிங்கம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் ஏறினார். மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்து, ஹாலிஎல டவுன் தாண்டி, பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ராத்திரி போன் வந்தது. "மிஸ்ஸி, நான் சிரிக்கல்ல." ஸ்கேனில் இதயத் தசை வீங்கியிருந்தது, இரத்தத்தைத் தள்ளுகிற பலம் நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டே நாள் காய்ச்சலோடு போனதென்று நாங்கள் நினைத்த கொரோனா செய்த வேலையாகத்தான் இருக்கும் என்றார். நாளைக்கு அந்த ஏற்றத்தில் மரத்தைத் தோளில் வாங்கியிருந்தால் என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. போனை வைத்துவிட்டு நான் மேசையில் தலை கவிழ்ந்து நன்றாக அழுதேன். பயத்தில் பாதி, நிம்மதியில் பாதி.

சனிக்கிழமை காலையில் இன்னொரு வேடிக்கை. செய்தி பரவியதும் கவ்வாத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் தங்கள் தங்கள் நெஞ்சின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வரிசையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கால் மணி நேரம் ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே அம்மன் அலங்காரத்தோடு காத்திருக்கிறாள், தூக்க ஆள் இல்லை. திருவிழாவை நடத்துகிற தோட்டத் தலைவர் கையைப் பிசைந்தார். அப்போது புஷ்பராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்மரத்தடியில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் என் நெஞ்சுக்காரிகள்.

"பொம்பளைங்க தூக்குற வழக்கம் இல்லையேம்மா" என்றார் தலைவர்.

"சப்பரத்துல உட்கார்ந்திருக்கிறது யாரு, ஆம்பளயா? இந்தத் தோட்டத்துலேயே ரெண்டு தரம் சோதிச்ச நெஞ்சு எங்களோடதுதான். தள்ளுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு லயத்திலும் இறக்கி வைக்க வேண்டும், ஆள் மாற்ற வேண்டும், மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன். முன்மரம் பெண்கள், பின்மரம் பார்த்து முடித்த ஆண்கள். அம்மன் அன்று மதியத்துக்குள் போக வேண்டியவள், சாயந்தரம்தான் மேலே போய்ச் சேர்ந்தாள். யாரும் அவசரப்படவில்லை.

சிவலிங்கம் மாத்திரைகளோடு வீடு திரும்பினார். ஆறு மாதத்துக்கு எதையும் தூக்கக்கூடாது, கவ்வாத்துக் கத்தியைத் தொடக்கூடாது. வேலையில்லாமல் லய வாசலில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில்தான் மனுஷன் உண்மையாகவே நொறுங்கிப்போனார். எந்நேரமும் கையை நெஞ்சில் வைத்து, அடிக்கிறதா அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். "நின்னுடுமோ டாக்டரம்மா?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். பிறகு டாக்டர் மறுபடி பார்த்து, இனி கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம் என்று சொன்னபோது, அவர் நடக்க மாட்டேன் என்றுவிட்டார். முன்பு நிறுத்தி வைக்கப் பட்ட பாட்டைவிட, இப்போது கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

அங்கேயும் கை கொடுத்தவள் புஷ்பராணிதான். அவளுக்கும் அவள் கூட்டத்துப் பெண்களுக்கும் கொரோனாவுக்குப் பிறகு பழைய தெம்பு வரவில்லை. நோய் இல்லை, ஆனால் சீக்கிரம் களைத்துவிடுகிறார்கள். அதனால் சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மெதுவாக நடக்கட்டும் என்று நான் சொல்லியிருந்தேன். தங்களுக்குத் தாங்களே 'நெஞ்சுக்காரங்க' என்று பேர் வைத்துக்கொண்டு, போகிற வழியில் சிவலிங்கத்தின் வாசலில் நின்று, அவர் எழுந்து வருகிற வரைக்கும் அவரைப் பற்றியே சத்தமாகப் பேசுவார்கள். நாலாம் நாள் அவமானம் தாங்காமல் எழுந்து வந்துவிட்டார்.

முதலில் பீலி வரை, சமதரையில். பிறகு கோயிலடி. பிறகு, குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா மேடு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் நின்றுவிட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. புஷ்பராணியோடு நடந்தால் மற்றவர்களுக்குப் பேச இடம் ஏது? அதனால் பாடச் சொன்னேன். இரண்டு தடவை மனுஷன் வீறாப்பில் அவர்களை முந்திக்கொண்டு போய், அதற்கப்புறம் இரண்டு நாள் படுத்துவிட்டார். திட்டினேன், நன்றாகவே திட்டினேன். லேசாக வந்துபோன நோய்தானே என்று எழுந்த அன்றே ஓடுகிறவர்களும் உங்களிடம் வருவார்கள், பயந்து ஒரேயடியாக உட்கார்ந்துவிடுகிறவர்களும் வருவார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளாகக்கூட இருப்பார் என்பதை நான் சிவலிங்கத்திடம்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் பழைய பலத்துக்கு வந்துவிட்டது, தூக்கலாம், வெட்டலாம், எல்லாம் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை போனில் அவர் சிரித்தார்.

திருவிழா அன்று சிவலிங்கம் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு முன்மரத்தடிக்கு வந்தார். அங்கே புஷ்பராணி நின்றிருந்தாள். நகரவில்லை.

"போன வருஷம் தூக்குனவ நான். இனிமே இது என் எடம். பின்மரத்துக்கு ஆள் வேணும், போங்கண்ணே."

மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தலைவர் வானத்தைப் பார்த்தார். பரம்பரை மரியாதை அது. அதற்காகத்தானே அந்த மனுஷன் உயிரையே கொடுக்கப் பார்த்தார்?

சிவலிங்கம் அந்த மரத்தை ஒரு தரம் கையால் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாசக்கணக்கா இவளுங்க பின்னால நடந்துதான் பொழச்சேன் டாக்டரம்மா. இன்னிக்கு மட்டும் முன்னால போயி என்ன பண்ணப்போறேன்?"

போய்ப் பின்மரத்தை வாங்கிக்கொண்டார். சப்பரம் தூக்கிய எல்லாருக்கும் ஒன்று தெரியும்: மரியாதை முன்மரத்துக்கு, ஆனால் ஏற்றத்தில் பாரம் முழுவதும் பின்மரத்துக்குத்தான் இறங்கும். புஷ்பராணிக்கும் அது தெரியும். தெரிந்துதான் அவரை அங்கே அனுப்பினாள் என்று நான் நினைக்கிறேன், கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டாள். மேல் டிவிஷன் வரை அந்தப் பாரத்தோடு அவர் ஏறினார். நான் பக்கத்திலேயே நடந்தேன், ஒரு தடவைகூட அவர் கையைப் பிடித்து நாடி பார்க்கவில்லை.

மேலே கோயில் வாசலில் அம்மனை இறக்கி வைத்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அன்னதானப் பந்தி ஆரம்பித்துவிட்டது என்று எல்லாரும் மேட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள், சிவலிங்கம் முதல் ஆளாக.